உச்சி வெயிலும் ஓட்டு வீடும்: உருவப்படத்தில் ஃபிளாஷ் – ஒரு விமர்சனம்

ஒருவருடைய முகத்தை ஒளிப்படம் எடுக்கும்போது ஃபிளாஷ் எப்போது தேவை? தொடக்கநிலைக் கையேடுகளும் இணையக் குறிப்புகளும் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: வெளிச்சம் குறைவாக இருந்தால் போடுங்கள், போதுமான வெளிச்சம் இருந்தால் வேண்டாம். கேமராவின் தானியங்கி முறையும் இந்த விதியைத்தான் பின்பற்றுகிறது. இருட்டு என்று கணித்தால் ஃபிளாஷ் தானே எரியும். வெயிலில் எரியாது.

போடிநாயக்கனூரிலும், அதற்கு மேலே ஏலத்தோட்டங்கள் இருக்கும் மலைச்சரிவிலும் இந்த விதிப்படி எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஃபிளாஷ் வேண்டிய இடத்தில் அது எரியவில்லை. வேண்டாத இடத்தில் முகத்துக்கு நேராக அடித்திருக்கிறது. இந்த ஊரின் வெயிலுக்கும் வீட்டுக்கும் முகத்துக்கும் அந்த விதி ஏறத்தாழ தலைகீழாகப் பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதில் அழகு மட்டும் பேச்சில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய், பொழுது சாயும்போது இறங்கும் கூலிக் குடும்பங்களில் ஒரு தாய்க்கு நல்ல படம் என்று இருப்பது ஒன்றோ இரண்டோதான். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது, அல்லது ஏதோ ஓர் அட்டைக்காக எடுத்தது. பிற்காலத்தில் அதைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை போடுகிறார்கள். கைபேசி வந்தபின் படங்கள் பெருகிவிட்டன என்று சொல்லலாம். எடுப்பது பெருகியது உண்மை, தங்குவது பெருகவில்லை. போன் பழுதானால் படங்களும் அதோடு போகின்றன. மிஞ்சிய அந்த ஒரு படத்தில் முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்தோ, கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கருங்குழிகளோடோ இருந்தால், பேரப்பிள்ளைகள் அறியப்போகும் ஆச்சியின் முகம் அதுவே.

வெயில் எங்கிருந்து விழுகிறது

ஒளிப்படக் கலையின் பாலபாடங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. "சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்" என்பது பெட்டிக் கேமராக் காலத்து அறிவுரை. லண்டனுக்கு அது சரிதான். அந்த நகரம் ஏறத்தாழ 51.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் எழும். ஜூன் நண்பகலில்கூட 62 பாகையைத் தாண்டாது. ஆண்டின் பெரும்பகுதி சூரியன் பக்கவாட்டிலிருந்து முகத்தைப் பார்க்கிறது.

போடி 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. மார்கழியில், ஆண்டிலேயே மிகத் தாழ்ந்து நிற்கும் நண்பகலில்கூட அது 56 பாகை உயரத்தில் இருக்கும். அதாவது, லண்டன்காரரின் கோடை உச்சிக்குச் சற்றே கீழே நிற்பதுதான் நம்முடைய மார்கழி. இந்த ஊரில் முற்பகல் பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று வரை சூரியனை முதுகுக்குப் பின்னால் வைப்பது என்ற பேச்சுக்கே பொருளில்லை. அது தலைக்கு மேலே இருக்கிறது.

தலைக்கு மேலிருந்து விழும் வெயில் நெற்றியையும் மூக்குத் தண்டையும் கன்ன மேட்டையும் கொளுத்தும். புருவத்துக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, தாடைக்குக் கீழே இருட்டை வைக்கும். தலையில் துண்டு கட்டியவர்களுக்கும் சும்மாடு வைத்தவர்களுக்கும் அந்த இருட்டு இன்னும் கொஞ்சம் இறங்கும். நம் கண் இதைப் பொருட்படுத்துவதில்லை. நிழலுக்குள் புகுந்து பார்த்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்த இரக்கம் கிடையாது. நெற்றிக்கும் கண்குழிக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாட்டை முழுதாகப் பதிய முடியாமல் ஒன்றைக் கைவிடும். பெரும்பாலும் கண்ணைத்தான்.

ஃபிளாஷுக்கு முதல் வேலை இங்கேதான் இருக்கிறது. பட்டப்பகலில், வேறு இடத்துக்கு நகர வழியில்லாதபோது, கண்குழிக்குள் கொஞ்சம் வெளிச்சம் ஊட்டுவதற்கு. இதை நிரப்பொளி என்பர். வெயிலைவிடக் குறைவாக, ஒன்றிலிருந்து ஒன்றரைப் படி தாழ்த்தி வைத்தால் போதும். ஃபிளாஷ் எரிந்ததே படத்தில் தெரியக்கூடாது. கண்ணில் ஒரு சிறு புள்ளி வெளிச்சம் மட்டும் மிஞ்ச வேண்டும். "வெயிலில் எதற்கு சார் ஃபிளாஷ்?" என்று கேட்கும் மாணவரிடம் நண்பகலில் எடுத்த எந்தக் குழுப்படத்தையும் காட்டலாம். கண்களை எண்ணச் சொல்லலாம்.

ஒரு கணக்கு

எல்லா ஃபிளாஷும் வெயிலை எதிர்த்து நிற்காது. இதைச் சொல்லாமல் "வெயிலில் நிரப்பொளி போடுங்கள்" என்று முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் மேலே சொன்ன கையேடுகளைவிட மேலானவை அல்ல. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், பார்த்துவிடலாம்.

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 100 வைத்தால் ஷட்டர் 1/200 நொடி, துளை எஃப் 11 என்பது ஏறக்குறையச் சரியான ஒளியளவு. ஷட்டரை இதைவிட வேகமாக்கலாம் என்றால், பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடிதான் ஃபிளாஷோடு இணைந்து ஓடும் எல்லை. அதைத் தாண்டினால் ஷட்டரின் திரை படத்தின் ஒரு பட்டையை மறைத்துவிடும். தாண்டுவதற்கான தனி வசதி சில ஃபிளாஷ்களில் உண்டு. ஆனால் அது வலிமையைத் தின்றுவிடும். ஆகவே எஃப் 11.

ஃபிளாஷின் வலிமையை வழிகாட்டி எண் என்று குறிப்பார்கள். அந்த எண்ணைத் துளை எண்ணால் வகுத்தால் ஃபிளாஷ் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். கேமராவின் மேலேயே மடிந்திருக்கும் சிறு ஃபிளாஷுக்கு இந்த எண் சுமார் 12. பன்னிரண்டை பதினொன்றால் வகுத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு படி தாழ்ந்த நிரப்பொளி போதும் என்றால், எட்டால் வகுக்கலாம்: ஒன்றரை மீட்டர். ஒருவரை மார்பளவில் எடுக்க இது போதும், அதற்கு மேல் ஆகாது. தனியாக வாங்கிப் பொருத்தும் ஃபிளாஷ் 36 வழிகாட்டி எண் உடையது என்று வைத்துக்கொண்டால், நிரப்பொளியாக நாலரை மீட்டர் வரை போகும்.

பள்ளிக் குழுப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பிள்ளைகள் மூன்று வரிசை. கேமரா ஏழெட்டு மீட்டர் தள்ளி நிற்கும். நாலரை மீட்டர் எட்டும் ஃபிளாஷால் அங்கே யாருக்கும் பயனில்லை, எடுப்பவருக்கு ஒரு மனநிறைவைத் தவிர. ஆண்டுதோறும் இந்தப் படம் எடுக்கும் நேரத்தை முடிவு செய்வது ஒளி அன்று, கால அட்டவணை. முதல் இடைவேளை முடிந்து பதினொன்றரை மணிக்கு மைதானத்தின் நடுவில் பெஞ்சு போடுவார்கள். பெஞ்சை இருபது அடி நகர்த்திக் கட்டடத்தின் நிழலுக்குள் போட்டு, எதிரே திறந்த வானம் இருக்கும்படி பிள்ளைகளை நிறுத்தினால் ஃபிளாஷே வேண்டாம். இருபது அடிக்குப் பெஞ்சு தூக்கப் பிள்ளைகள் எப்போதும் தயார், பெரியவர்களுக்குத்தான் தோன்றுவதில்லை.

அதே குழுவை உள்ளரங்கில் வைத்து நேர் ஃபிளாஷில் எடுத்தால் வேறொரு கோளாறு வரும். தூரம் இரு மடங்கானால் ஃபிளாஷ் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறையும். முன்வரிசை மூன்று மீட்டரிலும் பின்வரிசை நாலரை மீட்டரிலும் இருந்தால், பின்வரிசைக்குக் கிடைப்பது முன்வரிசைக்குக் கிடைத்ததில் பாதிக்கும் குறைவு. நாற்காலியில் அமர்ந்த ஆசிரியர்கள் வெளுத்திருப்பார்கள். உயரமான பையன்கள் புகைமூட்டத்தில் நிற்பார்கள். கொஞ்சம் பின்னால் நகர்ந்து எடுத்தால் இந்த வேறுபாடு குறையும். அதற்கு வலிமையான ஃபிளாஷ் வேண்டும்.

ஓட்டு வீட்டுக்குள்

வீட்டுக்குள் நிலைமை நேர்மாறு. தானியங்கி முறை இங்கே தவறாமல் ஃபிளாஷை எரிக்கும். பாட்டி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், கேமரா ஒன்றரை மீட்டரில், சுவர் மூன்று மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். முன்சொன்ன கணக்குப்படி முகத்துக்கு விழுவதில் கால் பங்குதான் சுவருக்கு. படத்தில் பாட்டியின் முகம் பளீரென்றும், அவர் நாற்பது ஆண்டு வாழ்ந்த வீடு குகை போலவும் தெரியும். அடுக்குப்பானை, நெல் குதிர், மரத்தூண், சுவரில் மாட்டிய கணவரின் படம் எதுவும் இல்லை. கணவரின் படத்தின் கண்ணாடியில் மட்டும் ஃபிளாஷ் ஒரு வெள்ளைப் பந்தாகத் திரும்பி எரியும். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக அது விழுவது பலமுறை பார்த்த வேடிக்கை.

பாடப்புத்தகம் இதற்கொரு மாற்றுச் சொல்லும்: ஃபிளாஷின் தலையை மேல்நோக்கித் திருப்பி, வெள்ளைக் கூரையில் அடித்துத் தெறிக்கும் ஒளியில் எடு என்று. நல்ல யோசனை, காங்கிரீட் கூரைக்கு. ஓட்டு வீட்டின் கூரை சரிவானது. அடுப்புப் புகை படிந்து கறுத்தது. போன ஒளி திரும்பி வராது. சுவரில் அடிக்கலாம் என்றால், நம் வீடுகளுக்கு அடிக்கும் வண்ணங்களை நினைத்துப் பாருங்கள்: கிளிப்பச்சை, வாடாமல்லி, ஆகாய நீலம். சுவரின் நிறம் ஒளியோடு சேர்ந்து முகத்தில் ஏறிவிடும்.

இதற்கு விடை நம் ஊரிலேயே, கொடியில் காய்கிறது. இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஃபிளாஷை அதன்மேல் அடித்தால் போதும். சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செய்ததும் அடிப்படையில் இதுவே. 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்துக்காக, வாரணாசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா படப்பிடிப்பு அரங்கத்தில் கட்டினார்கள். முற்றத்துக்கு மேல் வெள்ளைத் துணியை விரித்து, விளக்குகளை அதில் அடித்துத் திரும்பும் ஒளியால் வானத்தின் வெளிச்சத்தை அவர் உண்டாக்கினார். அந்த முற்றத்தை மெய்யான வீடு என்றே நம்பிவிடுகிறோம். வேட்டியில் அடித்தால் ஒளி நிறைய வீணாகும், ஐ.எஸ்.ஓ-வை 800 அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். இன்றைய கேமராக்களுக்கு அது ஒரு சுமையே இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு பாட்டியை வாசலுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்காரச் சொல்லலாம். திறந்த கதவு ஆறடி உயரமுள்ள ஒரு விளக்கு. அதன் ஒளி பக்கத்திலிருந்து வருகிறது, மெத்தென்று விழுகிறது, உள்ளே வீட்டையும் கொஞ்சம் காட்டுகிறது. திண்ணை இன்னும் நல்லது. வேட்டி பிடிப்பதும் ஃபிளாஷ் திருப்புவதும், நகர முடியாதவர்களுக்கும் இரவுக்கும்தான்.

கண்புரை உள்ள முதியவர்களுக்கு ஃபிளாஷின் கூச்சம் அதிகம் என்பதையும் எடுப்பவர்கள் நினைப்பதில்லை. முதல் படத்திலேயே கண் சுருங்கிவிடும். "கண்ணை நல்லாத் திறங்க ஆத்தா" என்று அதட்டி எடுத்த படங்களில் அந்த அதட்டலும் சேர்ந்தே பதிந்திருக்கிறது.

களையும் நிறமும்

"கறுப்பா இருந்தாலும் களையான முகம்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லில் உள்ள மனக்குறையைத் தனியாகப் பேச வேண்டும். இங்கே 'களை' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். களை நிறத்தைச் சேர்ந்ததன்று. கன்ன எலும்பின் மேடு, கண்ணோரச் சுருக்கம், உதட்டின் விளிம்பு, இவை ஒன்றோடொன்று ஒளியும் நிழலுமாகப் பேசிக்கொள்வதில் அது இருக்கிறது. லென்சுக்கு ஒட்டினாற்போல் இருந்து நேராக அடிக்கும் ஃபிளாஷ் முகத்தின் எல்லா மேடுபள்ளங்களுக்கும் ஒரே அளவு ஒளியைக் கொடுக்கிறது. நிழல்கள் தலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன. முகம் தட்டையாகிறது. களை முதலில் போகிறது.

கறுத்த தோலுக்கு இது இன்னொரு வகையிலும் பொருந்தாது. வெளிறிய தோல் தன்மேல் விழும் ஒளியைப் பரவலாகச் சிதறித் திருப்பி அனுப்பும். கறுத்த தோலில் அந்தச் சிதறல் குறைவு. அதன் வடிவத்தை நமக்குக் காட்டுவதில் பெரும்பங்கு மேற்பரப்பின் மினுமினுப்புக்கு உண்டு. மினுமினுப்பு என்பது ஒளிமூலத்தின் பிரதிபலிப்பே. ஒளிமூலம் பெரிதாக இருந்தால், வானம் போல, விரித்த வேட்டி போல, கன்னத்தின் வளைவு முழுவதும் ஓர் இளம் பளபளப்பு ஓடும். தீப்பெட்டி அளவு ஃபிளாஷாக இருந்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் விழும். எண்ணெய் வைத்துப் படிய வாரி, வியர்வையோடு நிற்கும் முகத்தில் கேட்கவே வேண்டாம். அதைத் துடைக்கப் பவுடர் பூசச் சொல்வது, பிறகு கணினியில் வெளுக்க வைப்பது என்று ஒரு தவறு அடுத்த தவறை அழைத்து வருகிறது.

மூக்குத்திக்கு மட்டும் சிறு ஒளிமூலம் வேண்டும். கல் ஒளிர்வது புள்ளி வெளிச்சத்தில்தான். இதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கருவியே ஒரு நிறத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதும் பதிவான வரலாறு. கோடாக் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் உருவம். அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்பது அளவுகோல். கறுத்த மரச்சாமான்களும் சாக்லேட்டும் விளம்பரப் படங்களில் சரியாக வரவில்லை என்று அந்தத் தொழில்காரர்கள் முறையிட்டதும் படச்சுருளின் கருநிறத் திறனை மேம்படுத்த ஒரு காரணமாயிற்று என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்களின் முகம் சொன்னபோது கேளாத காது, நாற்காலி சொன்னபோது கேட்டது.

இன்றைய தானியங்கி ஃபிளாஷிலும் ஒரு சிக்கல் தொடர்கிறது. அது முதலில் ஒரு முன்வெளிச்சம் அடித்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, தன் வலிமையைத் தீர்மானிக்கிறது. வெள்ளை வேட்டி சட்டை போட்டவர் சட்டம் நிறைய நின்றால் நிறைய ஒளி திரும்பும்; கருவி தன்னைக் குறைத்துக்கொள்ளும்; முகம் இருளும். இருண்ட கதவுக்கு முன்னால் கறுத்த முகம் நின்றால் கொஞ்சமே திரும்பும், கருவி முழுப் பலத்தோடு அடிக்கும், நெற்றி வெந்துவிடும். முன்னதற்கு ஃபிளாஷ் அளவை அரைப் படியோ ஒரு படியோ ஏற்றவும், பின்னதற்கு இறக்கவும் வேண்டும். இதற்கான பொத்தான் ஃபிளாஷ் உள்ள கேமராக்கள் பலவற்றில் இருக்கிறது.

மலையில்

போடியில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைகிறது. ஊருக்கு மேற்கே மலை நிற்பதால், அடிவானத்தைத் தொடுவதற்கு வெகுமுன்பே வெயில் தெருவை விட்டு விலகிவிடும். வானம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். ஒளிப்படக்காரர்கள் வேறு ஊர்களில் காத்துக் கிடக்கும் ஒளி இது. இதில் ஃபிளாஷ் போடுவது நல்ல சாப்பாட்டின்மேல் உப்பைக் கொட்டுவது. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் இறங்கிவரும் நேரமும் ஏறத்தாழ அதுதான்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அந்நாட்டின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர், பண்ணையாட்கள், ஊர்சுற்றிகள் ஆகியோரைப் படமெடுத்தார். நியூயார்க் ஸ்டுடியோவில் எத்தனையோ விளக்குகளோடு வேலை செய்தவர், அங்கே ஒரு வெள்ளைத் தாளை நிழலில் மாட்டி, அதன் முன்னால் ஆட்களை நிறுத்தினார். ஃபிளாஷ் இல்லை. வானத்தின் ஒளி மட்டும். கரித்தூள் படிந்த முகங்களின் ஒவ்வொரு துளையும் அந்தப் படங்களில் தெரிகிறது. அவர் அந்த மனிதர்களைக் கடுமையாகக் காட்டிவிட்டார் என்ற குற்றச்சாட்டு உண்டு. எனக்கும் அதில் ஓரளவு உடன்பாடே. ஆனால் ஒளியைப் பற்றிய பாடம் அதனால் குறையவில்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று, இதே மலைச்சரிவில் நடக்கும் கதை. லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். நிலமில்லாத கூலியாள் ரெங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்கப் படும் பாடு அதன் கதை. அந்தப் படத்தைக் கதைக்காகப் பார்த்தவர்கள் இன்னொரு முறை முகங்களுக்காக மட்டும் பார்க்கலாம். வெயிலேறிக் கறுத்த முகங்கள் கறுப்பாகவே இருக்கின்றன. எந்த முகமும் மங்கவில்லை. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது காட்சிக்குள் நியாயமாக இருக்கிறது: வானத்திலிருந்து, வாசலிலிருந்து, மூட்டத்திலிருந்து. கேமராவின் நெற்றியிலிருந்து வருவதாக எங்கும் தோன்றவில்லை. பாலு மகேந்திரா 'முள்ளும் மலரும்' காலத்திலிருந்து வளர்த்த இயற்கை ஒளி மரபின் நீட்சி இது. சினிமாக்காரர்களுக்கு ஒளிக்காகக் காத்திருக்க நேரமும் ஆளும் உண்டு, முகூர்த்த நேரத்தில் நிற்கும் கல்யாண ஒளிப்படக்காரருக்கு இல்லை என்று சொன்னால் அது நியாயமான பதில். தாலி கட்டும் நொடியில் ஃபிளாஷ் அடிப்பவரைக் குறை சொல்ல முடியாது. அதே திருமணத்தில், சாவகாசமாக மாலையில் எடுக்கும் குடும்பப் படத்துக்கும் அதே நேர் ஃபிளாஷ்தான் என்றால் குறை சொல்லலாம்.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதனால் உயர்ந்த மரங்களின் கீழே வளர்க்கிறார்கள். அந்த நிழல் கட்டட நிழலைப் போன்றதன்று. இலைகளின் ஊடாக வடியும் ஒளி பச்சை ஏறியிருக்கும், மேலிருந்து விழும், நடுநடுவே வெயில் துண்டுகள் சிதறிக் கிடக்கும். காயெடுக்கக் குனிந்திருக்கும் பெண்ணின் முகம் பச்சை பூத்து, கன்னத்தில் ஒரு வெள்ளைத் தழும்போடு வரும். மலையில் ஃபிளாஷ் உண்மையிலேயே உதவும் இடம் இது. ஒன்றரை அல்லது இரண்டு படி குறைத்து அடித்தால் முகத்தின் நிறம் தன் இயல்புக்கு வரும், பின்னால் தோட்டம் பச்சையாகவே இருக்கும். வெயில் துண்டு முகத்தில் விழாதபடி அவரை அரை அடி நகரச் சொல்ல வேண்டும். அந்தத் துண்டை ஃபிளாஷால் அழிக்க முடியாது.

ஆனி, ஆடியில் போடிமெட்டுப் பக்கம் மூட்டம் இறங்கியிருக்கும்போது ஃபிளாஷ் கூடவே கூடாது. காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒவ்வொன்றும் ஒளியைத் திருப்பி அடித்து, முகத்துக்கு முன்னால் வெள்ளை வட்டங்களாக நிற்கும். கேமராவிலிருந்து விலக்கிப் பக்கத்தில் பிடிக்கும் வசதி இருந்தால் கொஞ்சம் தப்பலாம். மூட்டமே ஒரு மாபெரும் வேட்டி என்பதை மறந்தவர்கள்தான் அங்கே ஃபிளாஷைத் தேடுவார்கள்.

கேட்டு அடிப்பதும் கேளாமல் அடிப்பதும்

ஃபிளாஷ் வரலாற்றில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1887-இல் ஜெர்மனியில் மகனீசியம் கலந்த வெளிச்சத்தூள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை அறிந்து, நியூயார்க் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் அதைக் கையில் எடுத்தார். இரவில் ஏழைகள் நெருக்கியடித்துத் தூங்கும் இருட்டறைகளுக்குள் நுழைந்து தூளைக் கொளுத்திப் படமெடுத்தார். 1890-இல் அவர் வெளியிட்ட நூல் அந்நகரின் குடியிருப்புச் சீர்திருத்தங்களுக்குத் தூண்டுதலாயிற்று. அந்தப் படங்கள் இல்லாமல் அந்த அறைகளை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பல படங்களில் இருப்பவை திடுக்கிட்டு விழித்த முகங்கள். அறையின் நிலையைக் காட்டிய படம், அந்த அறையில் இருந்த மனிதர் யார் என்பதைக் காட்டவில்லை.

சாட்சிப் படம் ஒன்று, உருவப்படம் ஒன்று. அளவுக்கு மேல் ஆளேற்றிய ஜீப்பை விடியற்கருக்கலில் பதிவு செய்ய விரும்பும் செய்தியாளர் ஃபிளாஷ் அடிக்கட்டும், அது சாட்சி. அந்த ஜீப்பில் போகும் ஒருவரைத் தனியாக நிறுத்தி முகத்தை எடுப்பதற்கு அந்த ஒளி ஆகாது. குரங்கணிப் பக்கம் நடைபயணம் வருகிறவர்கள் முதுவர் குடிகளின் வீட்டு வாசலில் நின்று, கேளாமல் உள்நோக்கி ஃபிளாஷ் அடிப்பது இந்த இரண்டிலும் சேராது. அதில் சாட்சியும் இல்லை, உருவமும் இல்லை.

கைபேசியில்

பெரும்பாலான வாசகர்கள் கைபேசியில்தான் எடுக்கிறார்கள். அதில் ஃபிளாஷ் என்று இருப்பது ஒரு எல்.இ.டி விளக்கு. வெயிலோடு போட்டிபோட அதற்கு வலுவில்லை. ஆகவே நண்பகலில் அதனால் நிரப்பொளி கிடைக்காது. நிழலுக்கு நகர்வது ஒன்றே வழி. இரவில் ஒன்றிரண்டு மீட்டருக்கு எட்டும். அதைவிட, இன்னொருவர் கைபேசியின் டார்ச்சை ஒரு வெள்ளைத் துண்டின்மேல் அடித்துப் பக்கத்தில் பிடித்தால் முகம் நன்றாக வரும்.

கடைசியாக, இறந்தவரின் பழைய சட்டப்படத்தைக் கைபேசியால் நகலெடுத்துப் பெரிதாக்கக் கொடுப்பவர்கள் பலர். அங்கேயும் தானியங்கி முறை ஃபிளாஷை எரித்துக் கண்ணாடியில் வெள்ளைப் பந்தை வைத்துவிடும். பிறகு அந்தப் பந்தை மறைக்கக் கணினியில் வேறொருவருடைய கன்னத்தை ஒட்டவைப்பதும் நடக்கிறது. ஃபிளாஷை அணைத்து, படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, முடிந்தால் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, திண்ணையில் நிழலில் சாய்த்து வைத்து, கைபேசியைப் படத்துக்கு இணையாகப் பிடித்து எடுக்க வேண்டும். கண்ணாடியை எடுக்க முடியாவிட்டால், எடுப்பவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் அவருடைய பிரதிபலிப்பு குறையும்.